புண்ணுக்கு முன்பே மடங்கும் கால்விரல்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பாகான் டாலாமைச் சேர்ந்த பிசியோதெரபி சிகிச்சையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இனிப்புநீர் என்றதும் நாம் சீனியைப் பற்றிப் பேசுவோம், சோற்றைப் பற்றிப் பேசுவோம். காலைப் பற்றிப் பேசுவது புண் வந்த பிறகுதான். ஆனால் அந்தப் புண்ணுக்கு வெகு நாள் முன்பே பாதத்திற்குள் ஒரு காரியம் நடந்து முடிந்திருக்கும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் கால்விரல்களை மடக்குவதும் நீட்டுவதும் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேயுள்ள பெரிய தசைகள். அவை நீண்ட தசைநார்களைக் கயிறு போல அனுப்பி விரல்களை இழுக்கின்றன. உள்ளங்காலிலோ சின்னஞ்சிறு தசைகள் நான்கு அடுக்குகளாக இருக்கின்றன. இரண்டாம் அடுக்கில் உள்ள நான்கு தசைகள் மிக மெல்லியவை. லம்பிரிக்கல் என்ற அவற்றின் பெயரே மண்புழுவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆக ஆழத்தில், எலும்புகளுக்கு நடுவே ஏழு தசைகள். பெரிய தசைகள் இழுக்கும்போது விரல்கள் சுருண்டு போகாமல் தரையோடு நேராக நிற்க வைப்பவை இந்தச் சிறுசுகள்தான். கயிறு இழுக்கும் போட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப்புநீர் நீளமான நரம்புகளின் நுனியைத்தான் முதலில் கெடுக்கிறது. பாதம் மரத்துப்போவது எல்லோருக்கும் தெரியும். அதே நரம்புகளை நம்பியிருக்கும் உள்ளங்கால் தசைகளும் வற்றிப்போவதுதான் பலருக்குத் தெரிவதில்லை. மேலேயுள்ள பெரிய தசைகளுக்கு வலு இன்னும் இருக்கும். போட்டி ஒருதலையாகிவிடும். விரல்கள் பருந்தின் நகம் போல மடங்கும். விரல்களின் அடிப்பகுதியில் மெத்தை போலிருந்த கொழுப்பு முன்னே நகர்ந்துவிட, எலும்பு முனைகள் நேராகத் தோலை அழுத்தும். முதலில் காய்ப்பு, பிறகு அதற்கடியில் புண். வலி மட்டும் இருக்காது. அந்தக் காய்ப்பைப் பிளேடால் சீவுகிற பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. தயவு செய்து வேண்டாம்.

இதை நமக்கு விளங்க வைத்ததில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இல்லாத காலில் காயமும் அழுத்தமும் தொடர்வதே காரணம் என்று அவர் எடுத்துக்காட்டினார். அந்த நோயிலும் விரல்கள் இப்படியேதான் மடங்கும். அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பும் மிருதுவான ரப்பர் செருப்பை அவரும் சகாக்களும் செய்து கொடுத்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று தமிழ்நாட்டில் இன்றும் சொல்கிறார்கள். 1966-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிறகு, இதே அறிவு இனிப்புநீர்ப் பாதத்திற்கும் பயன்பட்டது.

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவருக்குச் சற்றே குறைவு.

எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஒரு தைப்பூசத்தன்று பெர்ரி ஏறி, தண்ணீர்மலைக்கு வெறுங்காலில் போய் வந்தார். மத்தியான வெயில், தார்ச்சாலை. மறுநாள் வீட்டுத் தரையில் இரத்தத் தடத்தைப் பார்த்த மகள்தான், “அப்பா, இது யார் கால்?” என்று கேட்டாள். அவருக்குத் தெரியவே இல்லை. நேர்த்திக்கடனை விடச் சொல்லவில்லை. மரத்த கால் உள்ளவர்கள் விடியற்காலையிலேயே போங்கள், படிக்கட்டு வரையாவது செருப்போடு நடங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பயிற்சி செய்தால் விரல் நிமிருமா என்று கேட்பார்கள். நரம்பில் உயிர் இருக்கும் வரை ஓரளவு பலன் உண்டு. பட்டுப்போன நரம்பின் தசைக்குப் பயிற்சி எடுபடாது. ஆகவே அடுத்த முறை கிளினிக்கிற்கு இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது, டாக்டர் கேட்காவிட்டாலும் சப்பாத்தைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது தெரிகிறதா என்று உண்மையைச் சொல்லுங்கள். விரல் மடங்கியிருந்தால் அதையும் காட்டுங்கள்.