உமது பொழுதுபோக்கு என்ன?



இன்று கள்ளக்குறிச்சியில் நாம் பேச வந்தது சாமியைப் பற்றியுமல்ல, சடங்கைப் பற்றியுமல்ல. உத்தியோகத்திற்குப் போகும் நம் பிள்ளைகளை இண்டர்வியூவில் உட்கார வைத்து, “உமது பொழுதுபோக்கு என்ன?” என்று கேட்கின்றார்களே, அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

கூட்டத்திற்கு முன் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வாலிபர் தமது மனுவை நம்மிடம் காட்டினார். பொழுதுபோக்கு என்ற இடத்தில் “டென்னிஸ், நாவல் படித்தல்” என்றிருந்தது. டென்னிஸ் மட்டையைத் தொட்டதுண்டா என்றோம். இல்லை என்றார். பின் ஓய்ந்த வேளையில் என்னதான் செய்வீர் என்றோம். பாட்டனாரோடு பாறையிறங்கித் தேன் எடுப்பாராம். எந்த மாதம் எந்த மரம் பூக்கின்றது, அந்தத் தேன் என்ன ருசி என்று ஒரு நோட்டில் எழுதியும் வருகின்றாராம்! அதை ஏன் எழுதவில்லை என்றதற்கு, “காட்டான் என்பார்களய்யா” என்றார்.

தோழர்களே! பொழுதுபோக்கு என்றால் முதலில் பொழுது வேண்டாமா? 1976-இல் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் வரை அந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அவர்களுக்கு வெட்டி வேலை செய்த குடிகளுக்கு ஏது பொழுது, ஏது போக்கு?

அவர் பயத்திலும் நியாயமில்லாமலில்லை. தாழ்த்தப்பட்ட வகுப்பாரில் முதன்முதல் ஐ.ஏ.எஸ். ஆன அச்சுதானந்த தாஸ், 1950-இல் எழுத்துப் பரீட்சையில் 1050-க்கு 613 வாங்கினார். முதலாவதாக வந்தவருக்கு எழுத்தில் 602-தான். ஆனால் நேரில் பேசியதற்கு 300 மார்க்கில் தாஸுக்கு 110, மற்றவருக்கு 260! எழுதத் தெரிந்தவருக்கு வாய் திறந்ததும் அறிவு கரைந்துவிட்டதா என்று கேட்கின்றோம். 2016 ஜனவரி முதல் மத்திய சர்க்கார் கீழ் உத்தியோகங்களுக்கு இண்டர்வியூவையே எடுத்துவிட்டது, நல்ல காரியம். ஐ.ஏ.எஸ். பரீட்சையில் மாத்திரம் மொத்தம் 2025 மார்க்கில் 275 இன்னும் அதற்குத்தான். அந்த மனுவிலும் பொழுதுபோக்குக்கு இடமுண்டு.

ஆனால் பொய் எழுதினால் என்ன ஆகும்? நாமே பட்டோம். வாலிபத்தில் ஓர் ஆபீசில் “புத்தகம் படிப்பது” என்றோம். கடைசியாகப் படித்தது எது, அதில் பிடித்த பாத்திரம் எது என்று கேட்டார்கள். வியர்த்துவிட்டது. அப்போது நமக்கிருந்த பைத்தியமெல்லாம் பழைய கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டுவது. கைவேலைக்காரன் என்று நினைப்பார்களே என்று மறைத்தோம். அதைச் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்போம்! (இந்த ஊர் மரச்சிற்பத்திற்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செதுக்குவது பெரும்பாலும் சாமிதான். சாமியை விடுங்கள், அந்தக் கையை நாம் மெச்சுகின்றோம்.)

டென்னிஸ் என்று எழுதினால் முதல் கேள்வியிலேயே வாயடைக்கும். தேன் என்று எழுதினால் நாலு கேள்விக்கு அவரிடம் ஐந்து பதில் இருக்கின்றது: புகை எவ்வளவு போடுவது, கயிற்றை எதில் கட்டுவது, அடையில் எவ்வளவு விட்டுவைத்தால் ஈக்கள் திரும்பி வரும் என்பதெல்லாம். கேட்கின்றவர்தான் அங்கே மாணாக்கர். இதனால் மார்க்கு நிச்சயம் என்று நாம் சொல்ல வரவில்லை. முகம் பார்த்து மார்க்குப் போடுகின்றவன் எதைச் சொன்னாலும் அப்படித்தான் போடுவான்.

ஜோசியம் பார்ப்பதே பொழுதுபோக்கு என்று எழுதுகின்றவர்களும் உண்டு. அவர்களை ஒன்றே ஒன்று கேட்கலாம்: இந்த வேலை கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டுதான் வந்தீரா?

அந்த வாலிபர் இதோ முன்வரிசையில் இருக்கின்றார். மனு இன்னும் அனுப்பவில்லையாம். பேனா நம்மிடம் இருக்கின்றது.