பள்ளி மணி அடிக்குமுன்

(பங்கின் விழா ஆண்டையொட்டி நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூன் மாதம் நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரே பரபரப்பு. பை வாங்கியாயிற்றா, ஷூ வாங்கியாயிற்றா, ஸ்வெட்டர் என்ன நிறம் என்று விசாரித்தாயிற்றா? எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அந்தப் பையைத் தோளில் மாட்டுவதற்கு முன்னால், பிள்ளை முழுக்க முழுக்க நம்முடையதாக இருக்கும் சில ஆண்டுகள் உண்டு. அவற்றைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம். அந்த ஆண்டுகள் குறுகிக்கொண்டே வருகின்றன. முன்பெல்லாம் வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொட்டால்தான் பள்ளியில் சேர்ப்பார்கள். இப்போது மூன்று வயதிலேயே எல்.கே.ஜி. வேன் வாசலில் வந்து ஹாரன் அடிக்கிறது.

நம்மில் பெரும்பாலோர் தோட்டத்து மக்கள். பொழுது விடிந்ததும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனால், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுத்தான் வீடு. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. 1975-இல் அங்கன்வாடிகளும் தொடங்கின. அந்த ஆயாக்களின் மடியில் வளர்ந்தவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருப்பீர்கள். பிள்ளையோடு நாள் முழுதும் இருங்கள் என்று புத்தகம் எழுதுகிறவர்கள் நம் பிழைப்பைப் பார்த்ததில்லை. நமக்குக் கிடைப்பது அந்தி வேளையில் அரை மணி, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பின் ஒரு பகல். அவ்வளவுதான். அதற்குள் அடங்குவதை மட்டும் சொல்கிறோம்.

முதலில் மலை ரயில். வடநாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பணம் கட்டிக்கொண்டு வந்து ஏறுகிறார்கள். அந்தத் தண்டவாளத்துக்கு மேலேயே குடியிருக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள்? 1899-இல் குன்னூர் வரை வந்து, 1908-இல் ஊட்டியை எட்டிய பாதை அது. 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களோடு சேர்த்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் என்றாலும், முழுதும் போகவேண்டிய அவசியமில்லை. குன்னூரிலிருந்து ஊட்டி வரை போனாலே பிள்ளைக்குப் போதும். வெல்லிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்குத் தனி இடம் கேட்காவிட்டால் ரயிலில் டிக்கெட் கிடையாது. ஆகவே இது பள்ளிக்குமுன் செய்துமுடிக்க வேண்டிய காரியம், சிக்கனமும்கூட! மழைக்காலத்தில் மண் சரிந்து வண்டி நின்றுபோவது வழக்கம். விசாரித்துப் புறப்படுங்கள்.

குன்னூர் நிலையத்தில் நீராவி எஞ்சின் நின்றால் சற்று நேரம் நின்று காட்டுங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் கடுமை. ஆகவே இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் போட்டிருக்கிறார்கள். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். "ஏன் பின்னாலே நிக்குது?" என்று பிள்ளை கேட்கும். பெட்டி பின்னோக்கி உருண்டுவிடாமல் தாங்கிக்கொள்ளத்தான் என்று சொல்லுங்கள். தெரியாததைக் கேட்டால் அங்கே வேலை செய்கிறவர்களிடம் பிள்ளையையே கேட்கவிடுங்கள். அன்போடு பதில் சொல்வார்கள்.

அடுத்தது, நம் வேலை. அப்பாவும் அம்மாவும் எங்கே போகிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரியவேண்டாமா? ஒரு ஞாயிறன்று வீட்டோரத்துச் செடியருகே நிறுத்தி, இரண்டு இலை ஒரு மொட்டு எது என்று தொட்டுக் காட்டுங்கள். முற்றிய இலையின் முரடும் கொழுந்தின் மென்மையும் விரலுக்குத் தெரியட்டும். மருந்து அடித்த செடியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். இதைக் கணக்காகச் சொல்லவேண்டாம். ஒரு கைப்பிடி கொழுந்தை நிழலில் வாடவைத்து, கசக்கி, பச்சை நிறம் செம்பு நிறமாவதைப் பார்க்க வைத்தால் போதும். ஃபேக்டரி மணம் எங்கிருந்து வருகிறது என்று மூக்கே சொல்லிக்கொடுத்துவிடும்.

தவிட்டுப்பழக் காலத்தில் வாய் நீலமாகும்வரை தின்னட்டும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் காலை, கம்பளியைச் சுற்றிப் புல்லின்மேல் ஒருமுறை நடத்திக் காட்டுங்கள். காலடியில் நொறுநொறு என்ற சத்தம் கேட்டதும் பிள்ளை முகத்தைப் பார்க்கவேண்டுமே!

இனிச் சொல்வது மிகவும் அவசரமானது. 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! அவர்களுக்காகவே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. 1970-இல் பத்து வயதில் கப்பலேறி வந்தவருக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. மண்டபம் முகாமும், விட்டுவந்த லயமும், அங்கே விளையாடிய விளையாட்டும் அவர்கள் நெஞ்சில்தான் இருக்கின்றன. நாம் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். பாட்டி தனியே, பேரப்பிள்ளை தனியே என்றாகிவிட்டது. விடுமுறைக்கு வரும் அந்த நாலு நாளாவது கைப்பேசியை எடுத்து அலமாரியில் வையுங்கள். இரவில் பாட்டியின் போர்வைக்குள் பிள்ளை படுக்கட்டும். நாலு வயதுப் பிள்ளை ஒரே கதையை நாற்பது முறை கேட்கும். அலுக்காமல் அதை நாற்பது முறையும் சொல்ல, வீட்டில் பாட்டி ஒருத்தியால்தான் முடியும்.

பக்கத்து வீட்டுப் படுகர் அம்மாவிடமும், மலையாளக்காரக் கடைக்காரரிடமும், ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் குடும்பத்தாரிடமும் பிள்ளை போய்ப் பேசட்டும். காசு கொடுத்துக் கற்கிற பாஷை நம் வாசலிலேயே நாலு இருக்கிறது.

வெளியே கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. 2024 ஜனவரியில் பந்தலூர்ப் பக்கம் தாயோடு வந்துகொண்டிருந்த மூன்று வயதுச் சிறுமியைச் சிறுத்தை கவ்விக்கொண்டு போனது. பிழைக்க வந்த ஜார்க்கண்டுக் குடும்பத்துப் பிள்ளை அது. அதை நினைக்கும்போதெல்லாம் நமக்கு வயிறு கலங்குகிறது. இருட்டுமுன் வீடு திரும்புங்கள். செடிக்காட்டின் ஓரமாகப் பிள்ளையை முன்னாலோ பின்னாலோ தனியே நடக்க விடாமல் கைப்பிடித்தே கூட்டிவாருங்கள். லைன் வீட்டுப் பாதையில் விளக்கு எரியவில்லையென்றால் நாலு பேர் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். பிள்ளையை வீட்டுக்குள் பூட்டிவைப்பதைவிட, பாதையில் ஒரு விளக்கு எரிய வைப்பது மேல் என்பது எங்கள் அபிப்பிராயம்.

கடைசியாகக் குறிஞ்சி. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது என்றாலும் எல்லாச் சரிவும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை. நம் மலையில் 2018-இலும் பூத்தது, வேறு பக்கம் 2024-இலும் பூத்தது. அந்தக் கணக்குப்படி 2018-இல் பூத்த சரிவுகள் 2030-இல் பூக்கவேண்டும். இன்று இந்த அரங்கில் தாய் மடியில் உறங்குகிற கைக்குழந்தைகளுக்கு அப்போது நாலைந்து வயது இருக்கும். பள்ளியில் சேர்த்தாயிற்றே என்று பார்க்காமல், அந்த ஒரு நாள் மட்டும் விடுப்புக் கேட்டுக் கூட்டிப்போங்கள். பூவைப் பறிக்கவேண்டாம், தூக்கி நிறுத்திக் காட்டினால் போதும்.