கலத்தினுள் புகும் நீர்



மும்பை, கோவா, கொச்சி, விசாகப்பட்டினம் முதலிய துறைமுக நகரங்களில் வாழும் தமிழ் அன்பர்கள், கரையோரம் கட்டப்பட்டிருக்கும் உயர்ந்த பாய்மரப் படகுகளைக் கண்டிருப்பார்கள். நம் கண்ணுக்குத் தெரிவது அப்படகின் ஒரு பகுதியே. நீருக்குக் கீழே, ஈயத்தினாலோ வார்ப்பிரும்பினாலோ ஆகிய கனத்த தகடு போன்றதோர் உறுப்புத் தொங்குகிறது. அதனைக் கீல் என்பர். காற்றுத் தள்ளும்போது படகு கவிழாமல் காப்பதும், பக்கவாட்டில் நழுவாமல் நேரே செல்லச் செய்வதும் அதன் தொழில். பெரும்பாலான இக்காலப் படகுகளில் அதனைப் படகின் வயிற்றோடு பிணைத்து நிற்பவை சில மரையாணிகளேயாகும்.

நம் கடற்படையின் ‘தாரிணி’ என்னும் கலம் கோவாவில் கட்டப்பட்டது. 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2025 மே 29 அன்று அது திரும்பி வந்தது. அதில் சென்றவர்கள் தில்னா, ரூபா என்னும் இரண்டு பெண் அதிகாரிகளே. ரூபா நம் புதுச்சேரியைச் சேர்ந்தவர். நடுக்கடலில் கொல்லனும் இல்லை, தச்சனும் இல்லை. அங்கே கசிவு காணப்பட்டால் அதனைத் தேடுவதும் அடைப்பதும் கலத்தில் உள்ளவர் கடமையே. ஆகவே அக்கலையின் முறையை இன்று சற்று ஆராய்வோம்.

படகின் அடிக்குழியில் நீர் தேங்கியிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது? முதலில் நாம் அறிய வேண்டுவது, அந்நீர் நன்னீரா, உப்புநீரா என்பது. விரல் நுனியில் ஒரு துளி எடுத்து நாவில் வைத்தால் தெரிந்துவிடும். எண்ணெய் மிதந்தால் அதனைச் செய்தல் ஆகாது. நன்னீராயின், மழை மேல்தட்டின் வழியே இறங்கியிருக்கலாம்; அன்றிக் குடிநீர்த் தொட்டி பிளந்திருக்கலாம். உப்புநீராயின், கடலே உள்ளே வருகிறது என்று கொள்ளலாம். ஆனால் உப்புப் படிந்த தட்டின்மீது பெய்த மழையும் சற்றே கரிக்கும் என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது கேள்வி, அஃது எப்பொழுது வருகிறது என்பது. மழைக்குப் பின் மட்டும் வந்தால், தட்டிலும் சாளரங்களிலும் தேட வேண்டும். இயந்திரம் ஓடும்போது மட்டும் வந்தால், சுழல்விசிறியின் தண்டு வெளியேறும் துளையையோ, இயந்திரத்தைக் குளிர்விக்கும் கடல்நீர்க் குழாயையோ ஐயுற வேண்டும். படகு சாய்ந்து ஓடும்போது மட்டும் வந்தால், தட்டும் உடலும் கூடும் மூட்டில் குறை இருக்கலாம். கட்டிப் போட்ட இடத்திலும் ஓயாது வந்தால், நீர்மட்டத்துக்குக் கீழுள்ள அடைப்பு வாய்கள், சுக்கானின் தண்டு, கீலின் மூட்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தல் வேண்டும்.

பிறகு, அடிக்குழியை முற்றிலும் இறைத்துத் துணியால் உலரத் துடைத்து, ஐயத்துக்குரிய இடங்களில் சுண்ணப் பொடியைத் தூவலாம்; பழைய செய்தித்தாளையும் விரிக்கலாம். நீர் ஓடிய தடம் தானே தெரியும். வீட்டுக் கூரையில் ஓடு உடைந்த இடம் ஒன்று, சொட்டுகிற இடம் வேறொன்று, படகும் அவ்வாறே. மேல்தட்டைச் சோதிக்கையில் ஒருவர் உள்ளே விளக்குடன் அமர, மற்றொருவர் வெளியே குழாய்நீரைத் தாழ்ந்த பகுதியில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே கொண்டு செல்ல வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து, குற்றவாளி தப்பிவிடும்.

இனி, பழுது பார்க்கும் முறை. தட்டில் பொருத்திய உறுப்பின் ஓரத்தில் பசையைப் பூசி மறைப்பது வீண் வேலை. உறுப்பைக் கழற்றிப் பழைய பசையைச் சுரண்டி, துளையினுள் மரம் நனைந்திருந்தால் அதனை நீக்கி உலர்த்தி, எபாக்சியால் நிரப்பி, மீண்டும் துளையிட்டுப் புதுப் பசையுடன் பொருத்துவதே முறை. நாரடைத்த பழைய வகைத் தண்டு அடைப்பில், தண்டு சுழலும்போது சில துளிகள் சொட்டுவது இயல்பே. அதனையும் நிறுத்த எண்ணி மிகவும் இறுக்கினால் தண்டு சூடேறித் தேயும். நீர்மட்டத்துக்குக் கீழுள்ள குழாய்களுக்கு இரட்டை வளையப் பிடி இடுவது நல்லது. கடல்நீரில் சாதாரணப் பித்தளை தன் துத்தநாகத்தை இழந்து, செந்நிறம் ஏறி, நொறுங்கும் நிலையை அடையும். ஆகவே அடைப்பு வாய்களுக்கு வெண்கலமே தகுதி. ஒவ்வொரு வாயின் அருகிலும் அதன் அளவுக்கேற்ற கூம்பு வடிவ மரமுளை ஒன்றைக் கட்டி வைத்தல் வேண்டும்.

இவ்வளவு ஏன் என்று கேட்பீர்களானால், ஒரு கணக்குச் சொல்வோம். நீர்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே, 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை இருந்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 240 லிட்டர் நீர் உட்புகும். அஃதாவது, 15 லிட்டர்க் குடத்தால் நிமிடத்துக்குப் பதினாறு குடம். கையால் இறைப்பவர் எவ்வளவு நேரம் தாங்குவார்? அத்தகைய வேளையில் முதலில் உதவிக்குச் செய்தி அனுப்ப வேண்டும். துளை நீருக்கு மேலே எழும்படி படகைச் சாய்க்க வேண்டும். உள்ளிருந்து மெத்தையை வைத்து அழுத்த வேண்டும். வெளியே ஒரு பாயை இழுத்துக் கட்டினாலும் நீரின் வேகம் குறையும்.

எல்லாவற்றிலும் கொடியது கீல் மூட்டின் கசிவு. மூட்டின் கோட்டில் மெல்லிய வெடிப்பு, ஆணித் தலையில் வடியும் துருக்கறை, உள்விலா எலும்புகளில் பிளவு ஆகியவை அதன் அறிகுறிகள். தரைதட்டிய படகைக் கட்டாயம் கரையேற்றிச் சோதிக்க வேண்டும். வெடிப்பின்மேல் வண்ணம் பூசுவது, புண்ணின்மேல் பட்டாடை போர்த்துவதை ஒக்கும்.

2014 மே மாதத்தில், ‘சீக்கி ரஃபிக்கி’ என்னும் பிரித்தானியப் பாய்மரப் படகு, ஆன்டிகுவாவிலிருந்து அட்லாண்டிக் கடலைக் கடந்து இங்கிலாந்து நோக்கிச் சென்றது. உள்ளே நீர் புகுவதாக அதிலிருந்த நால்வரும் கரைக்குச் செய்தி அனுப்பினர். பின்னர்ச் செய்தி நின்றது. கவிழ்ந்த நிலையில் உடல் மட்டும் கண்டெடுக்கப்பட்டது, கீல் இல்லை. நால்வரும் மீளவில்லை. முன்னர்ப் பலமுறை தரைதட்டியதும், அதன்பின் செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து கீலின் பிணைப்பைத் தளர்த்தியிருக்கக்கூடும் என்று பிரித்தானியக் கடல் விபத்து ஆய்வுத் துறை கருதியது. கசிவு அங்கே நோயன்று, நோயின் அறிகுறி.

ஆதலால் கடலோடும் அன்பர்களும், படகுகளில் பணிபுரியும் தொழிலாளரும் ஒரு சிறு வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டுகிறோம். நாள்தோறும் எத்தனை முறை இறைத்தோம் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நேற்று பத்து இறைப்பு, இன்று இருபது என்றால், காரணம் தெரியும்வரை துறையை விட்டுப் புறப்படாதீர்கள். ஏற்கனவே கடலில் இருந்தால், அண்மையிலுள்ள துறையை நோக்கித் திருப்புங்கள்.