மறுக்க முடியாதபடி அளந்து காட்டுவோம்

சமூக உள்ளடக்கல் குறித்த இந்தக் கருத்தரங்கிற்குத் தலைமையேற்கும் வாய்ப்பளித்த துறையினருக்கும், கட்டுரை வாசிக்க வந்துள்ள ஆய்வாளர்களுக்கும், மாணவச் செல்வங்களுக்கும் என் நன்றி.

பொருளியல் அறிஞர் சுகதேவ் தோரட்டின் பணியை முன்வைத்தே இன்று பேச விரும்புகிறேன். மராட்டியத்தின் அமராவதி மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்தவர். அவுரங்காபாத்தில் அண்ணல் அம்பேத்கர் உருவாக்கிய மிலிந்த் கல்லூரியில் பயின்று, ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உயர்ந்தவர். 2006 முதல் 2011 வரை பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராக இருந்தவர்.

சாதியெல்லாம் கிராமத்தோடு சரி, நகரத்து நிறுவனங்கள் திறமையை மட்டுமே பார்க்கும் என்று நம்மில் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். தோரட்டும் அமெரிக்கச் சமூகவியலாளர் பால் அட்டிவெல்லும் அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். ஒத்த படிப்பு, ஒத்த அனுபவம், பெயர்தான் வேறு. சிலவற்றில் உயர்சாதி இந்துப் பெயர், சிலவற்றில் தலித் பெயர், சிலவற்றில் முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் சாத்திய விகிதத்தை ஒன்று என்று கொண்டால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பெயரைப் படித்ததுமே கதவு சாத்தப்பட்டது. 2007இல் இந்த ஆய்வு வெளிவந்தபின், பாகுபாடு வெறும் மனத்தாங்கல் என்று தள்ளிவிட யாருக்கும் இடமில்லாமல் போனது.

அதே ஆண்டில், தில்லி எய்ம்ஸில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் படும் பாட்டை ஆராய்ந்த குழு, தோரட்டின் தலைமையில் அறிக்கை தந்தது. விடுதி அறை, சாப்பாட்டு மேசை, விளையாட்டுத் திடல் என மாணவர் அன்றாடம் புழங்கும் இடங்களை அது உற்று நோக்கியது. மருத்துவம் படிக்க இடம் கிடைத்த பிறகும், சக மாணவரோடு இயல்பாக உட்கார்ந்து உண்ண முடியாத நிலையை அது பதிவு செய்தது. சேர்க்கைப் பட்டியலோடு சமூகநீதி முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? அந்த அறிக்கைக்குப் பின், உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தைப் பேணுவதற்கென்று மானியக் குழு 2012இல் தனி விதிமுறைகளையே வெளியிட்டது.

ஆய்வு ஒரு கை, இளையோர்க்கான வாதாட்டம் மறு கை என்று தோரட் பிரித்துப் பார்த்ததில்லை. கறாரான அளவீடுதான் அவருடைய வாதாட்டத்துக்கு வலுவைத் தந்தது. இரக்கத்தைத் தூண்டும் கட்டுரையைப் படித்துவிட்டு மறந்துவிடலாம். முறையாக எண்ணிக் காட்டிய அநீதிக்கு நிர்வாகம் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

ஆகவே ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டுரை எந்த விலக்கலை அளக்கிறது, எந்த விதியை மாற்றச் சொல்கிறது என்ற இரண்டையும் இந்த அரங்கில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இங்கே அமர்ந்திருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் அதைக் கேட்கும் உரிமை உடையவர்கள். அவர்கள் கேள்விகளுக்கு முதலிடம் தருமாறு அமர்வுத் தலைவர்களைக் கேட்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.