அலெக்சாந்திரியாவும் மாதோட்டமும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவை நோக்கிச் செல்லும் பெருவீதியில் தர்மபுரம் என்னும் ஊர் அமைந்துள்ளது. மாரி மழையையும் குளத்து நீரையும் நம்பி வயல் விதைப்போர் வாழும் ஊர் அது. துறைமுகம், கப்பல், கடல் வாணிகம் என்னும் சொற்கள் அவ்வூர் உழவர்க்குத் தொலைவிலுள்ள செய்திகளாகத் தோன்றலாம். ஆயினும், ஒரு துறைமுகத்தின் வாழ்வும் தாழ்வும் கடலினால் மட்டும் அமைவனவல்ல. அதன் பின்னால் விரிந்து கிடக்கும் நிலத்தினாலும், அந்நிலத்துக்கு உயிரூட்டும் நீரினாலுமே அவை அமைகின்றன. இவ்வுண்மையை விளக்க இரண்டு பழம் பட்டினங்களின் வரலாறு போதும். ஒன்று, மத்தியதரைக் கடலின் கரையிலுள்ள அலெக்சாந்திரியா. மற்றது, வன்னிப் பெருநிலத்துக்கு மேற்கே, மன்னார்த் தீவுக்கு எதிரே கிடக்கும் மாதோட்டம்.

மாவீரன் அலெக்சாந்தர் கி.மு. 331இல் எகித்து நாட்டின் வடகரையில் தன் பெயரால் ஒரு நகரத்தை நிறுவினான். உலக அதிசயங்களுள் ஒன்றெனப் போற்றப்பட்ட கலங்கரை விளக்கமும், அறிவுலகம் மறவாத நூல் நிலையமும் அந்நகருக்குப் புகழ் தந்தன. ஆனால், அதற்கு உயிர் தந்தது நைல் நதியே. ஆற்றிலிருந்து வெட்டப்பட்ட கால்வாய் குடிநீரையும் கொண்டுவந்தது. எகித்தின் தானியம் ஏற்றிய படகுகளையும் கொண்டுவந்தது. நகருக்கு முன்னே கடற்றுறை. பின்னே மரியோத்திசு என்னும் ஏரியின் துறை. கடற்றுறையைக் காட்டிலும் ஏரித்துறையே செல்வம் மிக்கது என்று கிரேக்க நிலநூலாசிரியர் சிராபோ குறித்துள்ளார். இந்தியக் கடலின் மிளகும் முத்தும் செங்கடற் கரையில் இறங்கி, பாலைவனத்தைக் கடந்து, நைல் வழியாகவே அலெக்சாந்திரியாவை அடைந்தன.

அப்பொருள்கள் புறப்பட்ட கீழைக் கடலில், மாதோட்டம் அதே இலக்கணத்துடன் வளர்ந்தது. பாளி நூல்கள் அதனை மகாதித்த என்றழைக்கும். தலைநகராகிய அனுராதபுரத்தின் அருகே பாய்ந்துவரும் அருவியாறு மாதோட்டத்துக்குத் தெற்கே கடலிற் கலக்கின்றது. இவ்வாற்றைச் சிங்களத்தில் மல்வத்து ஓயா என்பர். உள்நாட்டுத் தலைநகரையும் கடற்றுறையையும் இணைத்தது அவ்வாற்றுப் பள்ளத்தாக்கே. மாதோட்டத்துக்குப் பின்னால் கட்டுக்கரைக்குளம் பரந்து கிடக்கின்றது. அருவியாற்றின் நீரைத் தேக்கம் என்னும் அணையில் மறித்து, வாய்க்கால் வழியே அக்குளத்துக்குக் கொண்டுவந்தனர் பண்டையோர். கப்பலில் வந்தவனுக்குக் கரையில் சோறு வேண்டும், நன்னீர் வேண்டும். அவ்விரண்டையும் அளித்தவன் உழவன்.

இயற்கையும் மாதோட்டத்துக்கு ஒரு சிறப்பை அளித்திருந்தது. மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கிடக்கும் மணற்றிட்டுகளைப் பெருங்கப்பல்கள் கடத்தல் அரிது. மேற்கிலிருந்து வந்த கப்பல்கள் திட்டுகளின் தெற்கே நின்றன. கிழக்கிலிருந்து வந்தவை வடக்கே நிற்கக்கூடியன. இரு திசைப் பண்டங்களும் கைமாறுவதற்கு மாதோட்டம் ஏற்ற சந்தையாயிற்று.

கி.பி. ஆறாம் நூற்றாண்டில் இதனைப் பற்றிய சான்றைத் தந்தவர் ஓர் அலெக்சாந்திரியரே. கொசுமாசு என்னும் அவ்வணிகர், இலங்கைக்கு இந்தியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் எதியோப்பியாவிலிருந்தும் கப்பல்கள் வருவதையும், சீனத்துப் பட்டும் கிராம்பும் சந்தனமும் இங்கு வந்து மேற்கே செல்வதையும் எழுதிவைத்தார். துறைமுகத்தின் பெயரை அவர் கூறவில்லை. அது மாதோட்டமே என்று அறிஞர் பலர் கொள்வர். திருக்கேதீச்சரத்தைப் பாடிய சுந்தரமூர்த்தி நாயனாரும் மாதோட்டக் கடலில் மரக்கலங்கள் மலிந்திருந்ததைத் தம் பதிகத்தில் குறித்துள்ளார்.

இலக்கியம் கூறியதை மண்ணும் மெய்ப்பித்தது. 1980 முதல் 1984 வரை அங்கு நடந்த அகழாய்வில் சீனத்து மட்கலங்களும் பாரசீக வளைகுடாவின் நீலப்பச்சை மெருகிட்ட சாடிகளும் கிடைத்தன. போரினால் நின்றுபோன அப்பணி 2009, 2010ஆம் ஆண்டுகளில் மீண்டும் நிகழ்ந்தது. அப்போது கரிந்துபோன மிளகு மணிகளும், கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த ஒரு கிராம்பும் அகப்பட்டன. அக்கிராம்பு ஆயிரம் ஆண்டுப் பழைமையுடையது. அவற்றோடு கிடைத்தவற்றுள் பெரும்பாலானவை நெல்மணிகள் என்பது கருதத்தக்கது. கடல் கொணர்ந்தது ஒரு கிராம்பு. வயல் கொணர்ந்தது நெல்.

கி.பி. 993ஐ ஒட்டிச் சோழர் இலங்கையின் வடபகுதியைக் கைப்பற்றினர். மாதோட்டம் இராசராசபுரம் என்னும் பெயர் பெற்றது. தாழி குமரன் என்னும் சோழநாட்டவன் அங்கு இராசராச ஈசுவரம் என்ற கோயிலை எடுப்பித்ததாகக் கல்வெட்டுக் கூறும். ஆனால், அக்காலத்திலேயே தலைநகர் அனுராதபுரத்தை விட்டுக் கிழக்கே பொலன்னறுவைக்கு மாறிற்று. அருவியாற்று வழியின் பயன் குன்றிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் படையெடுப்புகளின் பின் குளங்கள் உடைந்தன, குடிகள் அகன்றனர், காடு மூடிற்று. கடல் அங்கேயே இருந்தது, துறைதான் இல்லாதொழிந்தது. போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரில் கோட்டை கட்டத் தொடங்கினர். திருக்கேதீச்சரத்துக் கோயிலின் கற்கள் அக்கோட்டைக்குச் சென்றன என்பது வழிவழி வந்த செய்தி. அலெக்சாந்திரியாவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. நிலநடுக்கத்தால் சிதைந்த கலங்கரை விளக்கத்தின் இடத்தில், அதன் கற்களையும் கொண்டு, 1477இல் கைத்துபே என்னும் சுல்தான் கோட்டை எழுப்பத் தொடங்கினான்.

அலெக்சாந்திரியாவும் ஒருமுறை இறக்கும் நிலையை எய்தியது. நைலின் கால்வாய் தூர்ந்துபோனமையால், 1798இல் நெப்போலியன் அங்கு இறங்கியபோது அது சில ஆயிரம் மக்கள் வாழும் சிற்றூராகவே இருந்தது. 1820இல் முகம்மது அலி மகமூதியாக் கால்வாயை வெட்டுவித்து நைல் நீரை மீண்டும் கொண்டுவந்தான். அவ்வேலையில் மாண்ட உழவர் பல்லாயிரவர். அவர்கள் கொடுத்த உயிர்களின் மேலேயே நகரம் மறுபிறப்பு எய்திற்று. இன்று அது எகித்தின் தலையாய துறைமுகம்.

மாதோட்டத்துக்கு அந்த மறுபிறப்புப் பாதியே வாய்த்தது. திருக்கேதீச்சரத்தை மீண்டும் எழுப்பவேண்டும் என்று 1872இல் ஆறுமுக நாவலர் குரல் எழுப்பினார். நெடுமுயற்சியின் பின் 1976இல் அங்கு குடமுழுக்கு நிகழ்ந்தது. கட்டுக்கரைக்குளமும் ஆங்கிலேயர் காலத்தில் திருத்தப்பெற்று, இன்று மன்னார் மாவட்டத்து வயல்களுக்குப் பாய்கின்றது. ஆனால் கப்பல்கள் திரும்பவில்லை. நீராவிக் கப்பலுக்கு ஆழ்ந்த துறை வேண்டியிருந்தது. 1885இல் அலைதடுப்பணை முடிவுற்ற கொழும்பு அத்துறையாயிற்று.

இன்று மாந்தையில் அகழி சூழ்ந்த மேடொன்று கிடக்கின்றது. அதில் அகழப்பட்டது சிறு பகுதியே. அம்மேட்டை வெறும் மண்ணெனக் கருதி வெட்டி அள்ளுவோர், எழுதப்படாத ஏடுகளை எரிப்போரை ஒப்பர். வன்னி நிலம் உலகத்தின் ஓரத்தில் கிடந்த காடு என்று எண்ணுவோருக்கு அம்மேடே மறுமொழி. சீனத்துக்கும் பாரசீகத்துக்கும் இடையே ஒரு பட்டினம் நிமிர்ந்து நின்றதெனில், அதனைத் தாங்கிய தோள்களுள் குளக்கட்டுக்கு மண் சுமந்தவனின் தோளும் ஒன்று. தர்மபுரத்து உழவன் தன் வாய்க்காலைத் தூர்வாரும்போது செய்வதும் அப்பழந்தொழிலே. அத்தொழில் நின்ற இடத்தில் நகரங்கள் மேடாயின. அது தொடர்ந்த இடத்தில் மேடுகளும் நகரங்களாயின.