கிளினிக் நாளும் இரும்புக் குளிசையும்

(பிள்ளைக் காம்பராவில் நடந்த தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)

ஆம்பளைகள் நாலைந்து பேர் வாசலிலேயே நிற்கிறீங்க. உள்ளே வந்து உட்காருங்க. நான் பேசப்போவது பொம்பளைகள் சமாச்சாரம் மட்டும் இல்லை.

1973, 1974ஆம் ஆண்டுகளில் வந்த பஞ்சத்தைப் பற்றி இங்கே இருக்கும் ஆச்சிமார் சொல்லுவாங்க. மாவுக்கும் அரிசிக்கும் அலைந்த காலம். அந்த நேரத்தில் தோட்டங்களில் ஆயிரம் பிள்ளை பிறந்தால் ஒரு வயது முடியுமுன்னே நூறுக்கும் மேல் இறந்து போனது. இன்றைக்கு அந்த நிலைமை இல்லை. தடுப்பூசி வந்தது, மருத்துவமாது வீடு தேடி வந்தார், பிரசவம் லயத்தை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போனது. டிக்கோயாவில் 2017இல் பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடமே திறந்தார்கள். ஆனாலும் 2016இல் அரசாங்கம் எடுத்த கணக்கில், நாடு முழுக்க ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். தோட்டப் பகுதியில் மட்டும் அது 32. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிள்ளை பிறந்த பிறகு சோறு ஊட்டினால் மட்டும் இது சரியாகாது. வயிற்றில் இருக்கும்போதே தொடங்குகிற விஷயம் இது.

அதனால்தான் முதல் மாதமே மருத்துவமாதுவிடம் பதியச் சொல்கிறோம். எட்டு வாரத்துக்குள் பதிவது நல்லது. நம்ம பக்கத்தில் என்ன செய்கிறோம்? வயிறு வெளியே தெரியும் வரைக்கும் மறைக்கிறோம். கண்ணூறு என்கிறார்கள். வெட்கம் என்கிறார்கள். உண்மையான காரணம் பல வீட்டில் வேறு. கிளினிக் நாளில் மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது. ஒரு பேர் போனால் கடைக் கடன் கட்ட முடியாது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. கிளினிக் போகிற கர்ப்பிணிக்கு அன்றைக்கு அரைப் பேராவது போடவேண்டும் என்று மேலே எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. தலைவர்மாரும் இதைக் கேட்கவேண்டும், நான் ஒருத்தன் கேட்டால் போதாது. பதில் வரும் வரைக்கும் வீட்டுக்காரர்கள் ஒன்று செய்யலாம். மாதத்தில் அந்த ஒரு நாளை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சாராயக் கடைக்குப் போகிற காசில் எத்தனை பேர் அடங்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை, பின்னால் இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

இனி இரும்புக் குளிசை. கிளினிக்கில் சும்மா தருகிறார்கள். வாங்கிக்கொண்டு போய் சாமித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறோம். கேட்டால் வயிற்றைப் புரட்டுது, மலம் கறுப்பாகப் போகுது என்கிறார்கள். கறுப்பாகப் போவது குளிசையின் நிறம்தான், பயப்படத் தேவையில்லை. வயிற்றைப் புரட்டினால் இராத்திரி படுக்கப்போகும்போது குடியுங்கள். சுண்ணாம்புச் சத்துக் குளிசையை அதோடு சேர்க்காமல் வேறு நேரத்தில் குடிக்கவேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. குளிசையை எதோடு குடிக்கிறீங்க? தேத்தண்ணியோடு! நாம் பறித்துக் கொடுக்கிற அதே தேயிலைதான் நம்ம இரத்தத்துக்கு இடைஞ்சலாக நிற்கிறது. தேயிலைச் சாயத்தில் இருக்கிற ஒரு சத்து, இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. குளிசைக்கும் அப்படித்தான், கீரைக்கும் பருப்புக்கும் அப்படித்தான். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, விடச் சொன்னால் நீங்க என்னை விடமாட்டீங்க. சாப்பாட்டுக்கும் குளிசைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். குளிசைக்கு ஆறின தண்ணீர் போதும். சோற்றோடு கொஞ்சம் தேசிக்காய்ப் புளி, ஒரு கொய்யாப்பழம் இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். நெத்தலிக் கருவாடு, முட்டை கிடைக்கிற நாளில் முதல் பங்கு கர்ப்பிணிக்குக் கொடுங்கள். நம்ம வீடுகளில் கடைசியாக, சட்டியைச் சுரண்டித் தின்கிறவள் அவள்தான்.

மூன்று மாதம் கழிந்த பிறகு புழு மருந்தும் தருவார்கள். வெறுங்காலோடு நடக்கிற நமக்குக் கொக்கிப் புழு காலால் ஏறும், உள்ளே இருந்து இரத்தத்தை உறிஞ்சும். இரத்தம் குறைந்த தாய்க்குப் பிரசவத்தில் போக்கு வந்தால் தாங்கிக்கொள்ள முடியாது. இதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

பக்கத்துத் தோட்டத்தில் நடந்ததை ஒன்று சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஏழு மாதக் கர்ப்பிணி. இரண்டு நாளாகத் தலைவலி, கண் மங்கல், முகம் வீக்கம். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று தைலம் தேய்த்துப் போர்த்திவிட்டார்கள். மூன்றாம் நாள் விடியக்காலை வலிப்பு வந்தது. லொறி தேடி, டிரைவரைத் தேடி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. தாய் பிழைத்தாள். பிள்ளை இல்லை. பிரஷர் கூடியிருக்கிறதை கிளினிக்கில் கையில் பட்டி கட்டிப் பார்த்திருந்தால் முன்னமே தெரிந்திருக்கும். அவள் இரண்டு கிளினிக் போகவில்லை. காரணம், பேர்.

கடும் தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், வலிப்பு, இரத்தம் படுவது, தண்ணீர் உடைவது, காய்ச்சல், பிள்ளை அசைவு குறைவது. இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்கக்கூடாது. 1990க்குப் போன் பண்ணுங்கள். அம்புலன்ஸ் வரும், ஒரு சதமும் வாங்கமாட்டார்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நம்ம பக்கமும் வந்தது. தமிழில் பேசலாம்.

ஆனால் ஒரு சிக்கல். நம்ம தோட்டத்துக்கு நாம் கூப்பிடுகிற பெயர் ஒன்று, பதிவில் இருக்கிற இங்கிலீஷ் பெயர் வேறொன்று. கொழும்புப் பக்கம் இருந்து போன் எடுக்கிறவருக்கு நம்ம பெயர் தெரியாது. பதிவுப் பெயர், டிவிசன், எந்தப் பெரிய ரோட்டில் எந்தச் சந்தியில் திரும்பவேண்டும் என்பதைச் சொல்லவேண்டும். ஒரு ஆள் டோர்ச்சோடு சந்திக்கு இறங்கி நிற்கவேண்டும். சிக்னல் கிடைக்கிற இடம் எது என்று பகலிலேயே பார்த்து வையுங்கள். கோயில் மேட்டில் கிடைக்கிறது என்று பொடியன்மார் சொல்கிறார்கள். போகும்போது கிளினிக் அட்டையை மறக்காதீங்க. அட்டை என்றால் மலையில் காலைக் கடிக்கிற அட்டை இல்லை! இரத்த வகை, பிரஷர் எல்லாம் அதில் எழுதியிருக்கும். சிங்களம் பேச வராதவர்களுக்கு அந்த அட்டைதான் வாய்.

பிரசவ லீவு பற்றியும் கேட்டிருந்தீங்க. முன்பு மூன்றாம் பிள்ளைக்கு 42 நாள்தான். 2018இல் சட்டத்தை மாற்றி எந்தப் பிள்ளைக்கும் 84 நாள் என்று ஆக்கிவிட்டார்கள். குறைத்துக் கொடுத்தால் என்னிடம் வாங்க.

இப்போது ஆளுக்கொரு தாள் தருகிறேன். 1990 என்ற நம்பரும், தோட்டத்தின் பதிவுப் பெயரும், சந்தியின் பெயரும் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். எழுத வராதவங்க கூச்சப்படாமல் மேசைக்கு வாங்க, நான் எழுதித் தாரேன்.