விளையாட்டு வேளையில் நான் பார்க்கத் தவறியது

(தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான வட்டார அளவிலான கூட்டத்தில் வட்டாரக் கல்வி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்வியை மேற்பார்வையிடுவது குறித்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என் தவற்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

நான் பொறுப்பேற்ற முதல் சில ஆண்டுகள் ஆண்டாய்வுக்குப் போனால் வாசிப்பு, கணக்கு, பதிவேடுகள், கழிப்பறை, சத்துணவுக்கூடம் என்று எல்லாவற்றையும் பார்ப்பேன். கால அட்டவணையில் உடற்கல்வி என்று இருந்தால் ஒரு டிக் அடிப்பேன், அவ்வளவுதான். இதைவிட மோசமான ஒன்றும் செய்தேன். ஆசிரியர்களை உட்காரவைத்துக் குறைநிறைகளைப் பேச நான் எடுத்துக்கொண்டது கடைசிப் பாடவேளையை. பல பள்ளிகளில் அதுதான் விளையாட்டு வேளை. "பிள்ளைங்க வெளியில விளையாடட்டும், நீங்க வாங்க" என்பேன்.

ஓர் ஈராசிரியர் பள்ளியில் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது சன்னல் வழியே பார்த்தேன். வேப்பமரத்தடியில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எல்லோருடைய செருப்பையும் வரிசையாக அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சில மாதம் கழித்து மீண்டும் போனேன். அதே மரம், அதே சிறுமி. "நீ விளையாடலையா பாப்பா?" என்று கேட்டேன். "நான்தான் சார் முதல்ல அவுட் ஆவேன். அதனால யாரும் சேத்துக்க மாட்டாங்க. செருப்பப் பாத்துக்கிறேன்" என்றாள். அவள் குரலில் வருத்தம்கூட இல்லை. அதுதான் என்னை உறுத்தியது.

முதல் முறை போனபோது பார்வையாளர் பதிவேட்டில் "உடற்கல்வி வகுப்பு முறையாக நடைபெறுகிறது" என்று நான் எழுதியிருந்தேன். அந்தக் குழந்தையைப் பொறுத்தவரை அது பொய். அவளுக்கு வாசிக்க வரவில்லை என்றால் நாம் கண்டுபிடித்திருப்போம், தனிக் கவனம் கொடுத்திருப்போம். ஓடாமல் உட்கார்ந்திருப்பதை நாம் யாருமே குறித்துக்கொள்ளவில்லை.

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணை, ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடலும் விளையாட்டுப் பொருள்களும் வேண்டும் என்கிறது. உடற்கல்விக்கான பகுதிநேரப் பயிற்றுநரைப் பற்றி அது பேசுவதோ 6 முதல் 8 வகுப்பு வரை 100 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்குத்தான். ஆக, ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகளின் உடற்கல்வி பெரும்பாலும் வகுப்பாசிரியராகிய உங்கள் கையில்தான் இருக்கிறது. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுக்குப் போனதும் கைப்பேசியைக் கையில் எடுக்கும் குழந்தைக்கு நம் பள்ளி வேளையை விட்டால் வேறு வேளை ஏது?

இப்போது நான் திடலுக்குப் போனால் மூன்றைப் பார்க்கிறேன்.

முதலாவது, காத்திருக்கும் நேரம். 30 பிள்ளைகள் ஒரே வரிசை. ஒருவர் ஓடித் திரும்ப 20 விநாடி. பத்து நிமிடத்தில் ஒரு குழந்தைக்குக் கிடைப்பது ஒரே ஓட்டம். அதே 30 பேரை ஆறு ஆறு பேராக ஐந்து வரிசை நிறுத்துங்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து ஓட்டம் கிடைக்கும். செலவு ஒரு கை சுண்ணாம்புத்தூள்தான்.

இரண்டாவது, 'அவுட்'. அவுட் ஆனவர் உட்கார வேண்டிய ஆட்டத்தில், அதிகம் ஓட வேண்டிய குழந்தைதான் முதலில் உட்காருகிறது. தொடப்பட்டவரும் கைகோத்துப் பிடிப்பவராக மாறும் சங்கிலி ஆட்டத்தில் கடைசிவரை யாரும் உட்கார வேண்டியதில்லை.

மூன்றாவது, ஓரத்தில் இருப்பவர்கள். பெண் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், புதிதாகச் சேர்ந்தவர்கள். பெயர் சொல்லித் தேடுகிறேன். காய்ச்சல் என்றால் ஓய்வெடுக்கட்டும். ஆனால் அதே குழந்தை வாரந்தோறும் உட்கார்ந்திருந்தால் அதற்குக் காரணம் நம் ஆட்டத்தில் இருக்கிறது.

அந்தப் பள்ளியின் ஆசிரியை ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். "முழங்கால் வலி சார், என்னால ஓடிக்காட்ட முடியாது" என்றார். "நீங்க ஓட வேண்டாம்மா. விசில் ஊதுங்க, கோடு போடுங்க, யார் ஓடலைன்னு பாருங்க, போதும்" என்றேன். அன்று அவரும் நானும் சேர்ந்துதான் கோடு போட்டோம். என் ஆய்வுக் கூட்டத்தைப் பள்ளி விட்ட பிறகு வைத்துக்கொண்டேன். அடுத்த முறை போனபோது செருப்புகள் மரத்தடியில் தாறுமாறாகக் கிடந்தன. காவலுக்கு யாரும் இல்லை. அந்தச் சிறுமி எல்லோருக்கும் கடைசியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தாள். ஆனால் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு வேண்டுகோள். விளையாட்டு வேளையில் நான் வந்து உங்களைக் கூப்பிட்டால், "சார், இப்ப எனக்கு வகுப்பு இருக்கு" என்று தயங்காமல் சொல்லுங்கள். நான் கோபப்பட மாட்டேன். உங்களோடு திடலுக்கு வருவேன்.